பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து

டேக் போடும் வேலைக்குப் போகிறேன் என்று நான் சொன்னபோது, ஜவுளிக்கடையில் சேலைக்கு விலைச்சீட்டு மாட்டுகிற வேலை என்று என் அண்ணன் நினைத்துக்கொண்டான். "டிகிரி முடிச்சிட்டு இதுக்கா சேலம் போற?" என்று கேட்டான். இல்லை, புத்தகத்துக்கு டேக் என்றேன். அவனுக்கு இன்னும் குழம்பியது. எனக்கு மட்டும் தெளிவாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், போனேன், எடுத்துக்கொண்டார்கள்.

அலுவலகம் அஸ்தம்பட்டியில், ஒரு பல் கிளினிக்குக்கு மேல்மாடியில் இருந்தது. வெளிநாட்டுப் பதிப்பகங்களிலிருந்து புத்தகங்கள் அங்கே கணினிக் கோப்புகளாக வரும். எது தலைப்பு, எது பத்தி, எது அடிக்குறிப்பு என்று ஒவ்வொரு துண்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு குறி போட்டு, கணினிக்குப் புரிகிற மாதிரி ஆக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தக் குறிதான் டேக். அந்த மொழிக்கு எக்ஸ்எம்எல் என்று பெயர். முதல் நாள் இவ்வளவுதான் சொன்னார்கள். இவ்வளவும் எனக்குப் புரிந்தது. அதற்கப்புறம் சொன்னதில்தான் தடுமாற்றம் ஆரம்பித்தது.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் வேலை செய்கிறார். வண்டி வடக்கே எங்கெங்கோ சுற்றும். மழைக்காலம் வந்தால்தான் ஊர் திரும்பும். புகுந்த வீடு ஜேடர்பாளையம். அங்கே எனக்கு ஒரு குறையும் கிடையாது. சோறு உண்டு, மரியாதை உண்டு. ஆனால் நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வீடு ஒரே மாதிரிதான் நடக்கும். அது எனக்குத் தாங்கவில்லை. நாலாவது படிக்கிற மகளை வாழப்பாடியில் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு நான் அஸ்தம்பட்டியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கினேன். பயிற்சிக்காலம் முடிந்து வேலையை உறுதி செய்தால் ஒரு வீடு பிடித்து அவளைக் கூட்டிக்கொள்ளலாம். செய்யாவிட்டால் இருவரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஜேடர்பாளையம் போக வேண்டியதுதான். மாமனாரிடம் அப்படித்தான் பேசியிருந்தேன்.

பயிற்சிக்கு வந்தவர்களில் வயதில் மூத்தவளும் நான்தான், மெதுவானவளும் நான்தான். மற்றவர்கள் கல்லூரி முடித்த கையோடு வந்த பிள்ளைகள். நான் அதற்கு முன் வாழப்பாடியில் ஒரு டிடிபி சென்டரில் கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்து நோட்டீஸும் அடித்துக்கொண்டிருந்தவள். அதுதான் எனக்கு வினையாகப் போனது. டிடிபியில் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதுதான் எல்லாம். மணமக்கள் பெயர் பெரிதாக, சிவப்பாக, நடுவில் வந்தால் வேலை முடிந்தது. இங்கே அது செல்லாது. எழுத்து பெரிதாக இருக்கிறதா என்பதை யாரும் கேட்கவில்லை. அது என்ன என்று கேட்டார்கள்.

சாய்வெழுத்தில் முதல் அடி வாங்கினேன். ஒரு பக்கத்தில் மூன்று இடத்தில் எழுத்து சாய்ந்திருந்தது. மூன்றுக்கும் ஒரே டேக் போட்டேன். டீம் லீடர் வந்து பார்த்தார். திருச்செங்கோட்டுக்காரர். என்னைவிட இரண்டொரு வயது சின்னவராக இருப்பார். யாரையும் கடிந்து பேச மாட்டார்.

"ஏனுங்க, இது மூணும் ஒண்ணுங்களா?"

"ஒரே மாதிரிதானே சார் சாஞ்சிருக்கு?"

"சாஞ்சிருக்குறது ஒண்ணுதானுங்க. ஆனா இது புத்தகத்தோட பேரு. இது செடியோட பேரு. இது அந்த ஆளு அழுத்திச் சொல்றாரு. மூணுக்கும் வேற வேற டேக் போடோணும்."

"செடிப் பேருன்னு எனக்கு எப்படி சார் தெரியும்?"

"படிச்சுப் பாக்கோணுமுங்க," என்றார் சங்கடத்தோடு.

படித்துப் பார்த்துத்தான் தட்ட வேண்டும் என்றால் அது டிடிபியே அல்ல, வேறு ஏதோ தொழில் என்று அன்றைக்கு உறைத்தது. டிடிபி சென்டரில் நான் எதையும் படித்ததே இல்லை. படித்தால் வேகம் போய்விடும்.

அடுத்தது, ஒன்றுக்குள் ஒன்று வைப்பது. அத்தியாயத்துக்குள் பிரிவு, பிரிவுக்குள் பத்தி, பத்திக்குள் மேற்கோள். கடைசியில் திறந்ததை முதலில் மூட வேண்டும். பாத்திரக்கடையில் அண்டாவுக்குள் தவலை, தவலைக்குள் குண்டா என்று அடுக்குவார்களே, அப்படி. இது புரிந்தது. ஆனால் கை கேட்கவில்லை. ஒரு மூடும் டேக்கை விட்டுவிட்டால் வேலிடேட்டர் பக்கம் பக்கமாகச் சிவப்புக் கோடு போடும். வேலிடேட்டர் என்பது நாம் விதிப்படி டேக் போட்டிருக்கிறோமா என்று பார்க்கும் மென்பொருள். நான் விட்டது ஒன்று. அது திட்டுவது நூறு. என் மாமியாரிடம்கூட நான் அப்படித் திட்டு வாங்கியதில்லை.

உள்ளே இருப்பதற்குப் பிள்ளை என்றும் வெளியே இருப்பதற்குப் பெற்றோர் என்றும் அந்த மொழியில் பெயர். ஆனால் ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு பெற்றோர்தான் இருக்க முடியும் என்றார் டீம் லீடர்.

"அப்பாவா சார், அம்மாவா?" என்று கேட்டேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"தாய்மாமனை விட்டுட்டீங்களே அக்கா," என்றாள் பக்கத்து இருக்கைப் பெண். ராசிபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள், படு வேகம். நான் ஒரு பக்கம் முடிப்பதற்குள் அவள் ஒரு அத்தியாயத்தை முடித்து, டீயும் குடித்துவிட்டு வந்திருப்பாள்.

இப்படித் தட்டுத் தடுமாறிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சோதனைப் புத்தகம் வந்தது. ஒரு புதிய பதிப்பகம். முதலில் ஒரே ஒரு புத்தகம் கொடுப்பார்கள். அதை ஒழுங்காகச் செய்து கொடுத்தால் தொடர்ந்து வேலை வரும், வேலை வந்தால் எங்கள் எல்லோரையும் உறுதி செய்வார்கள். இல்லையென்றால் பயிற்சிக்கு வந்த மொத்தப் பேரையும் அனுப்பிவிட வேண்டியிருக்கும் என்று டீம் லீடர் மறைக்காமலே சொன்னார். அன்று ஹாஸ்டலில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

புத்தகம் கிழங்குப் பயிர்களைப் பற்றியது. எங்கள் ஊரில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. குச்சிக்கிழங்குக் காட்டைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவள்தானே நான். டீம் லீடர் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். எனக்கும் ராசிபுரத்துப் பெண்ணுக்கும் புத்தகத்தின் பின்பகுதி வந்தது. யார் யார் எழுதிய எந்தெந்தக் கட்டுரைகளைப் பார்த்து இந்தப் புத்தகம் எழுதப்பட்டது என்ற துணைநூல் பகுதி அது. மெதுவானவளுக்கு ஏற்ற வேலை என்று நினைத்திருப்பார். பக்கம் பக்கமாக ஆட்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயரையும் இரண்டாகப் பிரித்து ஒன்றுக்குச் சர்நேம் என்றும் மற்றொன்றுக்குக் கிவன் நேம் என்றும் டேக் போட வேண்டும். எது எது என்று பதிப்பகத்தின் விதித்தாளில் விளக்கம் இல்லை. உலகத்தில் யாருக்கும் அது தெரியாமல் இருக்காது என்று நினைத்திருப்பார்கள்.

பெயர்களைப் பார்த்ததும் எங்களுக்கு ஒரே ஆச்சரியம். முதலில் ஓர் எழுத்து, அப்புறம் புள்ளி, அப்புறம் பெயர். அச்சு அசல் நம் ஊர் வழக்கம். வெள்ளைக்காரனும் நம்மைப் போலவே இனிஷியல் போட்டுத்தான் பெயர் எழுதுகிறான் என்று எனக்கு அவர்கள்மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது.

"சர்நேம்னா அப்பா பேருக்கா," என்றாள் ராசிபுரத்துப் பெண். "பேங்க்ல கேட்டா அப்படித்தான போடறோம்? அப்ப முன்னாடி இருக்கற எழுத்து சர்நேம். பின்னாடி இருக்கறது அவங்க சொந்தப் பேரு."

"ரெண்டு எழுத்து இருந்தா?"

"ஒண்ணு ஊரு, ஒண்ணு அப்பா."

இதில் யாருக்கும் ஒரு துளி சந்தேகமும் வரவில்லை. டீம் லீடரிடம் கேட்டோம். அவருடைய பாஸ்போர்ட்டிலும் சர்நேம் என்ற இடத்தில் அப்பா பெயர்தான் இருந்தது. சரிதானுங்க, போடுங்க என்றார். போட்டோம். புள்ளிக்கு முன்னால் உள்ளதெல்லாம் சர்நேம், பின்னால் உள்ளதெல்லாம் கிவன் நேம். என் வாழ்க்கையில் முதல்முறையாக வேலிடேட்டர் ஒரு சிவப்புக் கோடுகூடப் போடவில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் புத்தகத்தை அனுப்ப வேண்டும். எனக்கு வேலை முடிந்துவிட்டதால் முன்னுரையை ஒருமுறை பார்த்துத் தரச் சொன்னார்கள். சாய்வெழுத்தில் அடி வாங்கிய பிறகு நான் எல்லாவற்றையும் படிப்பவள் ஆகியிருந்தேன். ஆசிரியர் கடைசியில் எல்லோருக்கும் நன்றி சொல்லியிருந்தார். தன் மனைவிக்குச் சொல்லியிருந்தார், பெயரோடு. மனைவியின் பெயரும் ஆசிரியரின் பெயரும் கடைசிச் சொல்லில் ஒன்றாகவே இருந்தன. முன்னால் உள்ள எழுத்து மட்டும் வேறு. புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே பெயர், என்ன பொருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். நம் ஊரிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான பெயர்கள் உண்டே.

அடுத்த வரியில் அப்பாவுக்கு நன்றி. அவருக்கும் அதே பெயர். முன்னால் வேறோர் எழுத்து.

அங்கே எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். அப்பா பெயரை மகனுக்கே எப்படி வைப்பார்கள்? வைத்தால் அந்த வீட்டு மருமகள் புருஷன் பெயரைச் சொல்லும்போதெல்லாம் மாமனார் பெயரையும் சொன்ன மாதிரி ஆகுமே! அதுவும் போகட்டும். மகனுடைய எழுத்து அப்பா பெயரின் முதல் எழுத்தாக அல்லவா இருக்க வேண்டும்? அப்படியும் இல்லை. வீட்டில் ஆளுக்கு ஓர் எழுத்து, எல்லோருக்கும் ஒரே பெயர். திரும்பத் திரும்பப் படித்தேன். துணைநூல் பகுதிக்குப் போய்த் தேடினேன். அங்கேயும் அண்ணன் தம்பி போலச் சில பேர் ஒரே பெயரில், வெவ்வேறு எழுத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

இவர்களுக்கு எழுத்துதான் ஆள். சொந்தப் பெயர் என்று நாங்கள் நினைத்தது மொத்தக் குடும்பத்தினுடையது, அதுதான் சர்நேம். தலைகீழாகப் போட்டிருக்கிறோம், முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர்வரை.

ராசிபுரத்துப் பெண்ணிடம்தான் முதலில் சொன்னேன். அவள் நம்பவில்லை. மெதுவானவள் சொல்வதை யார் நம்புவார்கள்?

"வேலிடேட்டரே ஓகே சொல்லிடுச்சு. உங்களுக்கு என்னக்கா வந்துச்சு? எல்லாரு வேலையையும் கெடுத்துடாதீங்க." அவள் குரலில் பயம் இருந்தது. எனக்கும் பயம்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாமலே போகலாம். தெரிந்துவிட்டால் புத்தகம் மொத்தமும் திரும்பி வரும். என் மகள் நேராக ஜேடர்பாளையம் பள்ளிக்கூடத்தில்தான் சேருவாள். எது பெரிய ஆபத்து என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை. எழுந்து போய் டீம் லீடரிடம் சொல்லிவிட்டேன். அதைத் துணிச்சல் என்று சொல்ல மாட்டேன். குழப்பத்தைத் தனியாக வைத்துக்கொள்ள முடியவில்லை, அவ்வளவுதான்.

அவர் முன்னுரையைப் படித்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அட சாமி! இது நம்ம குலத்துக் கூட்டப் பேரு மாதிரிங்க. காடு தோட்டம் மாதிரி, அப்பன் மவன் எல்லாத்துக்கும் ஒண்ணேதான். நாம அதைப் போயி ஆளு பேருன்னு போட்டு வெச்சிருக்குறோம்."

"வேலிடேட்டர் ஏன் சார் சொல்லல?"

"அதுக்கு என்னங்க தெரியும்? ரெண்டு பாத்திரம் இருக்குதான்னு பாக்கும். எதுல என்ன இருக்குதுன்னு அது மூடியத் தொறந்தா பாக்கும்?"

விதிப்படி இருப்பது வேறு, சரியாக இருப்பது வேறு என்று அவர் பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தார். நான் அதைக் குறிப்பெடுத்தும் வைத்திருந்தேன். புரிந்தது என்னவோ அன்றைக்குத்தான்.

அனுப்புவதற்கு ஒருநாள் அவகாசம் கேட்டார், கிடைத்தது. இரண்டு டேக்கையும் இடம் மாற்றச் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி ஓடவிட்டார். கண் மூடித் திறப்பதற்குள் அத்தனை பெயரும் புரண்டு படுத்தன. ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் வேலை எனக்கு. பார்த்துக்கொண்டே வந்தேன். மரவள்ளி அத்தியாயத்துக்கான துணைநூல்களுக்கு வந்தபோது நின்றுவிட்டேன். அங்கே ஒரு தமிழர் இருந்தார். நம் பக்கத்துக் குச்சிக்கிழங்கைப் பற்றித்தான் எழுதியிருந்தார். தெருவுக்கு ஒருவருக்கு இருக்கிற பெயர். முன்னால் ஓர் எழுத்து, புள்ளி.

புரோகிராம் அவரையும் விடவில்லை. அவருடைய சொந்தப் பெயரைக் குடும்பப் பெயராக்கி, அவர் அப்பாவின் எழுத்தை அவருக்குப் பெயராகச் சூட்டியிருந்தது. இது தப்பு என்று எனக்கு அடித்துச் சொல்ல முடியும். அந்தப் புத்தகம் முழுவதிலும் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். அவரை மட்டும் பழையபடி மாற்றி வைத்தேன். யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. வேலிடேட்டர் இப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. கோப்பு போய்விட்டது.

பதில் வரும்வரை நான் மகளிடம் போனில் பேசும்போது சேலத்தைப் பற்றிப் பேசுவதையே தவிர்த்தேன். அவளாகவே ஏதாவது கேட்டால், ஹோம்வொர்க் முடித்தாயா என்று பேச்சை மாற்றினேன்.

பதில் நன்றாகவே வந்தது. வேலை திருப்தி, மேலும் புத்தகங்கள் அனுப்புகிறோம் என்று எழுதியிருந்தார்கள். டீம் லீடர் சத்தமாகப் படித்தார். கீழே ஒரே ஒரு திருத்தம் இருந்தது. மரவள்ளி அத்தியாயத்தின் துணைநூல்களில் ஓர் ஆசிரியருக்குச் சர்நேமும் கிவன் நேமும் இடம் மாறியிருக்கின்றன, சரிசெய்து அனுப்பவும்.

அத்தனை பெயரையும் அறியாமல் தப்பாகப் போட்டோம், பிழைத்துக்கொண்டோம். தெரிந்து, யோசித்து, சரியாகப் போட்டது ஒன்று. அதைத் தப்பு என்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. டீம் லீடரின் மேசைக்குப் போனேன்.

"அது தப்பில்லை சார். அவங்களுக்குத் தெரியல. எழுதிச் சொல்லுவோம்."

அவர் இணையத்தில் அந்தத் தமிழரின் பெயரைத் தேடிக் காட்டினார். அவர் எழுதிய கட்டுரைகள் வரிசையாக வந்தன. எல்லா இடத்திலும் அவருடைய சொந்தப் பெயர்தான் குடும்பப் பெயராக இருந்தது.

"பாருங்க, எல்லாப் பக்கமும் இப்படித்தான் இருக்குறாரு. நாம மட்டும் மாத்திப் போட்டம்னா இந்தக் கட்டுரை அவருதுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாதுங்க. வேற யாரோ ஒரு ஆளு ஆயிருவாரு."

"அப்ப தப்பா இருந்தாத்தான் அவரு அவரா இருப்பாரா சார்?"

"எனக்கும் தெரியலைங்க," என்றார். "மாத்திருங்க."

மாற்றினேன். அந்த மனிதரை நான் பார்த்ததில்லை. அவர் அப்பாவையும் பார்த்ததில்லை. ஆனாலும் யாருடைய வீட்டிலோ நுழைந்து எதையோ இடம் மாற்றி வைத்த மாதிரி இருந்தது. மாற்றிவிட்டு, ராசிபுரத்துப் பெண் வாங்கி வந்த லட்டைத் தின்றேன். அது இனித்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வாரமே எல்லோருக்கும் வேலையை உறுதி செய்தார்கள். யேற்காடு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு வீடு பார்த்து வைத்துவிட்டு, சனிக்கிழமை வாழப்பாடி வழியாகப் போகிற ஆத்தூர் பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் ஒரு பக்கம் சந்தோஷமும் ஒரு பக்கம் என்னவென்று சொல்லத் தெரியாத ஒன்றும் மாறி மாறி வந்தன.

மகள் துணிப்பையைக் கட்டி வைத்துக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேலை கெடச்சிடுச்சாம்மா? நீ தப்பே போடலையா?"

"ஒண்ணே ஒண்ணு போட்டேன்னு சொன்னாங்க."

"அப்பறம்? சரி பண்ணிட்டியா?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அண்ணன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். நான் அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன். பண்ணிவிட்டேன் என்று சொன்னேன். நான் என் மகளிடம் சொன்னது உண்மையா பொய்யா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.